தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கு

தம்பி,

நான் நலமாக இல்லை. நீயும் நலமாக இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே அந்த விசாரிப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் எனக்கு வாய் வராது. நீ இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரி சாமி, சாப்ட்டியா?" என்று கேட்டு முடித்துவிடுவேன். பன்னிரண்டு வருடமாக அப்படித்தானே முடித்துக்கொண்டிருக்கிறேன்? முப்பது வருடம் பால்வாடியில் ரிஜிஸ்டர் எழுதிய கை இது, இன்னும் கோணாமல் எழுதுகிறது. படித்து முடிக்கும்வரை எனக்குப் போன் போடாதே. நடுவில் கோபம் வரும், வரட்டும், அதையும் வைத்துக்கொண்டு படி.

நீ சொன்னது ஒரு சொல் விடாமல் காதில் நிற்கிறது. "அம்மா, லேப் முழுசுக்கும் என்னைய மேல போடறாங்களாம். வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, வேலையவும் வுட்டுட்டு வந்துடலாம்னு இருக்கேன்" என்றாய். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். "யாரும் சொல்லலம்மா. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே வந்துடணும். மாமா சொல்லி உள்ள வந்தவன் நான். இங்க இருக்கறவங்கல்லாம் தானா வந்தவங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது என்னைக்காவது ஒருநாள் வெளிய வந்துடும். அந்த நாளுக்குப் பயந்து பயந்தே பன்னெண்டு வருஷம் போயிடுச்சு. இனிமே முடியாது" என்றாய். மாதக் கடைசியில் கடிதம் கொடுக்கப்போவதாகச் சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்தவள், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் உன் பெண்டாட்டி கூப்பிட்டாள். ஒரே சாம்பிளை நீ மூன்று தடவை செய்து பார்க்கிறாயாம், யாராவது பாராட்டினால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லையாம். இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறதாம், பெரிய பெரிய படிப்பாளிகளுக்கெல்லாம் வருமாம். பாவம், நல்ல பெண். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. உனக்கு அது எங்கே ஆரம்பித்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். கொல்லைக் குப்பைமேட்டில் ஆரம்பித்தது.

உனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். அவளைப் பற்றி நான் உன்னிடம் பேசியதே இல்லை. ஒன்றேகால் வயது, கொழுகொழுவென்று இருப்பாள். மாசித் திருவிழாவில் ஒருத்தி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "யம்மாடி, என்னா கனம்! எங்கூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடப் போறேன்" என்றாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். "ஆமாக்கா, எது குடுத்தாலும் சாப்புடுவா" என்று பெருமை வேறு. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். செந்துறைக்குத் திரும்பி வரும்போது மடியில் சத்தமில்லை. காய்ச்சலில்தான் போனாள் என்பது எனக்குத் தெரியும். எத்தனை தாய்மார்களுக்கு நானே அதைச் சொல்லிப் புரியவைத்திருக்கிறேன்! ஆனால் அறிவுக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. நான் பட்ட பெருமைதான் அவளைக் கொண்டுபோனது என்று உள்ளே ஒன்று உட்கார்ந்துவிட்டது.

அதனால் நீ பிறந்ததும், பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கத்தைச் செய்தோம். உன்னைக் குளிப்பாட்டி ஒரு முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு வந்தேன். உன் அத்தை, அதுதான் என் அண்ணன் பெண்டாட்டி, "யாரு போட்ட புள்ள இது?" என்று கேட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போய் ஒரு படி தவிடு கொடுத்து உன்னை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். இது எங்கள் பிள்ளை இல்லை, தவிட்டு விலைக்கு வந்தது, இதைக் கொண்டுபோய் உனக்கு என்னப்பா ஆகப்போகிறது என்று எமனை ஏய்க்கிற வேலை. எமன் ஏமாந்தானோ என்னவோ, நீ ஏமாந்துவிட்டாய். தெருப் பிள்ளைகள் "தவிட்டுக்கு வாங்குன பய" என்று கேலி செய்தபோது ஓடிவந்து, "நெசமாவேம்மா?" என்று கேட்டாய். ஐந்து வயது இருக்கும். "ஆமா, பின்ன தங்கத்துக்கா வாங்குவாங்க?" என்று சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டும் நான் அரிசி புடைக்கப் போய்விட்டேன்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். அந்த ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு உன்னை வளர்த்தேன். யார் உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாலும் அது தரையில் விழுவதற்குள் நான் ஒரு மட்டமான வார்த்தையைப் போட்டு மூடிவிடுவேன். பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது படித்து, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாயே, உன் கெமிஸ்ட்ரி வாத்தியார் வெயிலில் அத்தனை தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். "உங்க பையனுக்கு நல்ல மூளைம்மா, கெமிஸ்ட்ரியே படிக்க வைங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியும், நீ சொம்புத் தண்ணீரோடு அங்கேயேதான் நின்றாய். "எங்க சார், கேள்வி ஈசியா வந்திருக்கும். இவனுக்கு ஏது மூளை? வெச்ச சைக்கிள் சாவிய எடுக்கத் தெரியாது" என்றேன். அந்த மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் போனதும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. "பாத்தியா, எம்புட்டு திருஷ்டி!" என்று உன்னிடம் சொன்னேன். அவர் சொன்னது அத்தனையும் நிஜம் என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

நீ காலேஜில் இரண்டாவது வருடம் படிக்கும்போது அப்பா போனார். சுண்ணாம்புக்கல் லாரியை ஓட்டிக்கொண்டு போனவர் மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதற்குப் பிறகு நம்மைத் தாங்கியது உன் மாமாதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. முந்திரித் தோப்பைப் போட்டுவிட்டு ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வாரம் தவறாமல் பஸ் ஏறி வருவார். வந்தால் அதிகம் பேசமாட்டார். வாசலில் சேரைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார். ஒரு ஆம்பளை வந்து போகிற வீடு என்று ஊர் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் வந்தார். அந்த மனிதருக்கு நான் என்ன செய்ய முடிந்தது? ஒரு வாய் காபி தவிர ஒன்றும் செய்ததில்லை. அது என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். சமாதானம் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

படிப்பு முடிந்து அரியலூர் சிமெண்ட் ஆலையில் உனக்கு இன்டர்வியூ வந்தது. மாமா முந்திரிப்பருப்பு ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தார். "அங்க ஒரு ஆபீசர் நமக்குத் தெரிஞ்சவருடா. வருசா வருசம் நம்ம தோப்புப் பருப்புதான் வாங்குவாரு. நான் ஒரு வார்த்தை சொல்லி வெக்கறேன்" என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அவர் பையோடு பஸ் ஏறினதை நீ பார்த்தாய். அவர் திரும்பி வந்ததை நீ பார்க்கவில்லை, நீ திருச்சிக்குப் போயிருந்தாய். சாயங்காலம் வந்தார். பை அப்படியே கையில் இருந்தது. முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "அந்த ஆளு மாத்தலாகிப் போயி ரெண்டு வருசம் ஆவுதாம் பாப்பா. கேட்டுலயே நிறுத்திட்டானுங்க, உள்ளயே வுடல. மத்தியானம் வரைக்கும் அங்கயே நின்னு பாத்தேன்" என்றார். "பையன்கிட்ட சொல்லாத, மனசு வுட்டுடுவான்" என்றும் அவர்தான் சொன்னார். நான் சொல்லவில்லை. நீ போய்ப் பரீட்சை எழுதினாய். உள்ளே கூப்பிட்டு மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னாய். உனக்காக அந்த ஆலையில் ஒரு ஈ காக்கைகூட வாயைத் திறக்கவில்லை தம்பி.

ஆர்டர் வந்த அன்று வீடு நிறையச் சனம். அந்தப் பருப்பைப் போட்டுத்தான் பாயசம் வைத்தேன். உன்னைச் சுற்றி நின்றுகொண்டு எல்லோரும் உன்னையே பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் ஒருவனுக்கு வேலை கிடைத்தால் எப்படிப் படித்தான் என்று எவன் கேட்கிறான்? "யாரப் புடிச்சு வாங்குனீங்க?" என்றுதான் கேட்பார்கள். அப்படியே கேட்டார்கள். எனக்குத் திருவிழாவில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவளின் கை கண்ணில் வந்தது. ஓரமாக என் அண்ணன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எல்லாம் எங்கண்ணன் சொல்லித்தாங்க. இவன் மூஞ்சிக்கு யாரு குடுப்பா?" என்று சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன். அவர் சொல்லவில்லை. அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார், அதற்குள் நீ வந்து அவர் காலில் விழுந்துவிட்டாய்.

ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். உன் மேல் விழுந்த கண் நகர்ந்தது, என் அண்ணனுக்கும் ஒரு மரியாதை செய்தாயிற்று. ஐயோ, என்ன பெண்பிள்ளை நான்! என் பிள்ளையின் உழைப்பை எடுத்து அடுத்தவருக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுத்திருக்கிறேன், அது புரியவில்லை. அதற்குப் பிறகு மாமா மாறிப்போனார், நீ கவனித்திருப்பாய். நீ ஊருக்கு வந்தால் அவருக்குத் தோப்பில் வேலை வந்துவிடும். தீபாவளிக்கு நீ வேட்டி எடுத்துக்கொண்டு போய் நின்றால் உன் முகத்தைப் பார்க்காமல் வாங்கி வைப்பார். "மாமாவுக்கு என் மேல திருப்தியே இல்லம்மா, தெரியாம சொல்லி வுட்டுட்டோம்னு நெனைக்கிறாரு" என்று நீ ஒருமுறை சொன்னாய். அவருக்கு வெட்கமடா. நீ இல்லாத இடத்தில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று சத்தமாகப் பேசுவார். நீ இருக்கிற இடத்தில் அவருக்குப் பேச்சே வராது.

பொய்யாக ஓர் இடத்தில் நிற்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று நீ என்னிடம்தான் கேட்க வேண்டும். நானும் மாமாவும் அப்படி நின்றோம். சத்தமாகப் பேசுவோம், கேள்வி வந்தால் பேச்சை மாற்றுவோம், எதையும் இரண்டாம் முறை சரிபார்க்கமாட்டோம். சரிபார்க்கத்தான் பயம். நீ ஒரு சாம்பிளை மூன்று தடவை பார்க்கிறவன். உன்னை ராஜஸ்தான் ஆலைக்கு மாற்றுவதற்கு முன்னால், முதல் வருடம் அரியலூரில் இருந்தபோது, சுண்ணாம்பு சரியாக வேகவில்லை, இந்தச் சிமெண்டை அனுப்பக் கூடாது என்று நீ ஒருவனாக நின்று சொன்னாயாம். பெரியவர்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்களாம். மறுபடி செய்து பார்த்து நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார்களாம். அவ்வளவு சந்தோஷமாக என்னிடம் வந்து சொன்னாய். "ஏதோ ஒன் நல்ல நேரம்" என்றேன். உன் முகத்தில் விளக்கு அணைந்த மாதிரி ஆயிற்று. அதற்குப் பிறகு ஆலையில் நடந்த எதையும் நீ என்னிடம் சொன்னதில்லை.

ஊரார் என்னை டீச்சர் என்பார்கள். பத்தாவது படித்த எனக்கு எதற்கு அந்தப் பெயர் என்று முப்பது வருடமும் கூசிக்கொண்டுதான் இருந்தேன். பள்ளிக்கூட வாத்தியார் யாராவது பால்வாடிக்குள் வந்தால் என் சேரிலிருந்து நானே எழுந்துவிடுவேன். என்னிடம் அ, ஆ படித்த பிள்ளைகள் இன்றைக்கு என்னைத் தாண்டிப் பெரிய வேலைக்கெல்லாம் போகிறார்கள், அப்போதும் என் கையால் ஆனது என்று தோன்றுவதில்லை. ரிடையர் ஆகும் நாளில் மாலை போட வந்தபோதுகூட அழுகையாக வந்தது, யாருக்கோ போட வேண்டியதை எனக்குப் போடுகிறார்கள் என்று. ஆக, இந்த வியாதி எனக்கும் உண்டு. எனக்குத் தீரவில்லை, தீராது. வயதாகிவிட்டது. உனக்கு எப்படித் தீரும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது தம்பி. பொய் எங்கே இருக்கிறது என்று காட்ட மட்டும்தான் முடியும்.

போன ஐப்பசியில் மாமா படுக்கையில் கிடந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவன்கிட்ட சொல்லிடு பாப்பா. அவன் வந்து நின்னா எனக்குக் கண்ணு கூசுது" என்றார். "இப்ப எதுக்குண்ணே அதெல்லாம், தூங்குங்க" என்று போர்வையை இழுத்துவிட்டேன். நான்கு நாளில் போய்விட்டார். ஆண்பிள்ளை இல்லாத அவருக்கு ராஜஸ்தானிலிருந்து ஓடிவந்து நீ கொள்ளி வைத்தாய். மொட்டை அடித்த தலையோடு, "இவரு இல்லன்னா நான் இல்லீங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. செத்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு கிடைத்தது.

நேற்று ஜெயங்கொண்டம் பஸ் ஏறி உன் அத்தை வீட்டுக்குப் போனேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பங்காளி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் நான் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அவர்களை வைத்துக்கொண்டே சொன்னேன். அண்ணன் யாரிடமும் பேசவில்லை, கேட்டைக்கூடத் தாண்டவில்லை, பொய்யைக் கிளப்பியது நான் என்று சொன்னேன். அத்தை முதலில் சிரித்தாள். பிறகு, "அப்ப எம்புருசன் பன்னெண்டு வருசம் ஊரு முழுக்கப் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரா? செத்த மனுசன் வந்து இல்லன்னு சொல்லமாட்டாருன்னுதான இப்ப வந்திருக்க?" என்று கத்தினாள். "அவன் வெச்ச கொள்ளி மட்டுந்தாண்டி எனக்கு ஒரு பெருமைன்னு இருந்துச்சு. அதுலயும் மண்ணப் போட்டுட்ட. இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்றாள். உன்னைக் குப்பைமேட்டிலிருந்து தூக்கியவள். அவள் சொன்னது நியாயம்தான். பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அது நான் பிறந்த வீடு தம்பி. அண்ணனும் இல்லை, இனி அந்த வாசலும் இல்லை.

இவ்வளவு எழுதியும் நீ நம்பாமல் போகலாம். என்னை வேலையில் உட்கார வைக்க அம்மா கதை கட்டுகிறாள் என்று தோன்றும். சொன்ன பொய்யையெல்லாம் நம்ப வைத்த எனக்கு, உண்மையைச் சொல்லும்போது நம்பு என்று கேட்க வாயில்லை. அத்தைக்குப் போன் போடு. அவள் என்னைத் திட்டுவாள். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேள், நான் அங்கே போய் என்ன சொன்னேன் என்பது அந்தத் திட்டிலேயே வரும்.

மாதக் கடைசியில் கடிதம் கொடுப்பதாக இருந்தால் கொடு, நான் தடுக்கமாட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்று எழுது. ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள் என்று எழுது. பிடிக்கவில்லை என்றுகூட எழுது. தகுதியில்லை என்று மட்டும் எழுதாதே. அது பொய். பொய் சொல்ல இந்த வீட்டில் நான் ஒருத்தி இருந்தது போதும்.

அம்மா